கரண்டி கைக்கு வரும் வரை

"பையன் என்ன பண்றான்?" என்று கேட்டால், "கட்டட வேலைக்குப் போறான்" என்று சொல்லும்போது நம் ஊர்களில் குரல் கொஞ்சம் இறங்கும். படிப்பு ஏறவில்லை, வேறு வழியில்லை என்கிற அர்த்தம் அந்தக் குரலில் இருக்கும். அதே பையன் பத்து வருஷத்தில் நல்ல கொத்தனார் ஆகிவிட்டால், ஊரில் வீடு கட்டுகிறவர்கள் அவன் எப்போது வருவான் என்று காத்திருப்பார்கள். இந்த இரண்டுக்கும் நடுவே என்ன நடக்கிறது, யாருக்கு அது நடக்காமலே போகிறது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. எங்கள் வீடு எழும்பிய ஒன்பது மாதமும் காலையும் மாலையும் வேலையிடத்தில் நின்றதில்தான் இதில் பாதி எனக்குப் புரிந்தது.

வேலையில் நுழைகிறவருக்கு முதல் பெயர் சித்தாள். கலவை சுமப்பது, செங்கல் எடுத்துக் கொடுப்பது, மணல் சலிப்பது, கட்டிய சுவருக்குத் தண்ணீர் விடுவது எல்லாம் சித்தாள் வேலை. உதவிக்கு நிற்கிற ஆண்களைச் சில ஊர்களில் பெரியாள் என்பார்கள், சில ஊர்களில் நிமிந்தாள் என்பார்கள். கலவை போடுவது, மூட்டை தூக்குவது, மண் வெட்டுவது அவர்கள் பங்கு. அதற்கு மேலே கொத்தனார். அவருக்கும் மேலே மேஸ்திரி; ஆள் சேர்ப்பது, வீட்டுக்காரரிடம் கூலி பேசுவது, சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம் பிரித்துக் கொடுப்பது அவர் பொறுப்பு. கம்பி கட்டுகிறவர், கான்கிரீட்டுக்குப் பலகை கட்டிச் சென்ட்ரிங் அடிக்கிறவர், டைல்ஸ் ஒட்டுகிறவர், பெயின்டர், பிளம்பர், எலக்ட்ரீஷியன் என்று பக்கத்தில் தனித்தனி ஏணிகளும் இருக்கின்றன. ஆனால் கொத்து வேலையின் ஏணிதான் பழையது, நீளமானது.

இந்த ஏணியில் ஏறுவதற்குப் பள்ளிக்கூடம் என்று பெரும்பாலும் எதுவும் கிடையாது. ஐடிஐயில் கொத்தனார் பயிற்சி உண்டு. பெரிய கட்டுமான நிறுவனங்களின் பயிற்சி நிலையங்களும் உண்டு. ஆனால் நம் தெருக்களில் வீடு கட்டுகிறவர்களில் அங்கே படித்து வந்தவரை நான் பார்த்தது அபூர்வம். எல்லாரும் பக்கத்தில் நின்று, பார்த்து, திட்டு வாங்கிக் கற்றவர்கள்தான்.

என்ன கற்கிறார்கள் என்பதற்கு ஒரு சுவரின் மூலையைப் பார்த்தால் போதும். 9 அங்குலச் சுவர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு சுவர்கள் சந்திக்கிற இடத்தில் நாலைந்து வரிசையை மட்டும் படிக்கட்டு மாதிரி முதலில் எழுப்புவார்கள். ஒரு வரிசையில் கல் நீளவாக்கில் உட்காரும், அடுத்ததில் குறுக்குவாக்கில். கீழ் வரிசையின் இணைப்புக்கு நேர் மேலே மேல் வரிசையின் இணைப்பு வந்துவிடக் கூடாது. வந்தால் பின்னால் விரிசல் அந்தக் கோட்டில்தான் ஓடும். அதைத் தவிர்க்கத்தான் எங்கே முழுக்கல், எங்கே அரைக்கல், எங்கே முக்கால் என்ற கணக்கு. கல்லைக் கையில் வைத்து, கலவை எடுத்துப் பூசுகிற கரண்டியின் விளிம்பால் ஒரே வெட்டில் முக்காலாக உடைப்பார்கள். சுவர் நேராக நிற்கிறதா என்று தூக்குக்குண்டை விட்டுப் பார்த்து, மூலை செங்கோணமா என்று மூலைமட்டம் வைத்துப் பார்த்து, எதிர் மூலையையும் இதே மாதிரி எடுத்துவிட்டு, இரண்டுக்கும் நடுவில் நூல் கட்டுவார்கள். அதற்கப்புறம் நடுவில் கல் வைப்பது சுலபம். நூலைப் பார்த்து வைத்துக்கொண்டே போகலாம். மூலை தப்பினால் நூலும் தப்பு, சுவரும் தப்பு. அதனால்தான் "மூலை எடுப்பானா?" என்று கேட்டு ஒரு ஆளின் தரத்தை முடிவு செய்கிறார்கள்.

கண்ணுக்குத் தெரியாத அறிவு இன்னும் எவ்வளவோ இருக்கிறது. செங்கல்லை நனைக்காமல் வைத்தால் கலவையில் இருக்கிற தண்ணீரை அது உறிஞ்சிவிடும், சிமென்ட் இறுகத் தண்ணீர் இருக்காது. நனைத்த கையோடு சொட்டச் சொட்ட வைத்தால் கல் வழுக்கும். ஒரே நாளில் நாலைந்து அடிக்கு மேல் சுவரை ஏற்றக் கூடாது, கீழே உள்ள ஈரக் கலவை பாரம் தாங்காமல் பிதுங்கும். தண்ணீர் ஊற்றிப் பிசைந்த சிமென்ட் கலவை அரை மணி நேரத்துக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் இறுகத் தொடங்கலாம், ஆகவே எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் குழைக்க வேண்டும். இவை எழுதிவைத்த புத்தகத்திலும் இருக்கின்றன. ஆனால் வெயில் ஏறுகிற 11 மணிக்குக் கலவையில் எத்தனை சொம்பு தண்ணீர் கூட்டுவது என்பது கையில்தான் இருக்கிறது.

கற்றுக்கொள்கிற வாய்ப்பு சின்னச் சின்ன இடைவெளிகளில் வரும். கொத்தனார் டீ குடிக்கப் போகும்போது, "அந்த நடுவுல ரெண்டு வரிசை வச்சிட்டு இருடா" என்பார். திரும்பி வந்து பார்ப்பார். சரியாக இருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார். தப்பாக இருந்தால் கரண்டிப் பிடியால் கல்லைத் தட்டி எடுத்துக் கீழே போடுவார், அவ்வளவுதான் பாடம். முதலில் காம்பவுண்டு சுவர், அப்புறம் கழிவறைச் சுவரின் உள்பக்கம், அப்புறம் பின்பக்கப் பூச்சு. யாரும் உற்றுப் பார்க்காத இடங்களில் கை பழகிய பிறகே முன்பக்கத்துக்கு வர முடியும். சில வருஷம் இப்படிப் போனதும் ஒரு நாள் அவனே சொந்தமாகக் கரண்டியும், மட்டம் பார்க்கிற ரசமட்டமும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வருவான். சான்றிதழ் என்று ஒன்று இருந்தால் அந்தப் பைதான்.

உடம்பு என்ன விலை கொடுக்கிறது என்பதற்கு ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். 1,000 சதுர அடித் தளம், 5 அங்குலக் கனம். கான்கிரீட் கிட்டத்தட்ட 11.8 கன மீட்டர் வரும். ஒரு கன மீட்டர் சுமார் 2,400 கிலோ. ஆக மொத்தம் 28 டன்! இந்த 28 டன்னும் ஒரே நாளில் மேலே போக வேண்டும். பாதியில் நிறுத்தினால் பழைய கான்கிரீட்டும் புதியதும் சேருகிற இடம் பலவீனமாகி, பின்னால் மழைத்தண்ணீர் அங்கேதான் இறங்கும். அதனால்தான் தளம் போடுகிற நாளில் விடியற்காலையில் பூஜை போட்டு ஆரம்பித்து, இருட்டினால் விளக்குப் போட்டுக்கொண்டாவது முடிக்கிறார்கள். சாரத்தில் படிக்குப் படி ஆள் நின்று, சட்டி கை மாறிக் கை மாறி மேலே ஏறும். மதியம் எல்லாருக்கும் பிரியாணி போடுவது பல ஊர்களில் வழக்கம். அன்றைக்கு அந்தச் சாப்பாட்டை அவர்கள் சாப்பிடுகிற வேகத்தைப் பார்த்தால் 28 டன் என்றால் என்ன என்று தெரியும்.

இப்போது லிஃப்ட் வைத்த கலவை இயந்திரம் வந்துவிட்டது, நகரங்களில் லாரியிலேயே கான்கிரீட் வந்து பம்பில் ஏறுகிறது. முதுகுக்கு நல்லது. ஆனால் தளம் போடும் நாளில் முப்பது பேருக்குக் கிடைத்த கூலி எட்டு, பத்து பேராகச் சுருங்கியதும் இதனால்தான். குறைந்தது யார் என்று பார்த்தால், சட்டி சுமந்தவர்கள்.

சுமை தவிர சிமென்ட்டும் இருக்கிறது. நனைந்த சிமென்ட் கடுமையான காரத்தன்மை கொண்டது, தோலை அரித்துவிடும். அதில் இருக்கும் குரோமியம் உப்பு சிலருக்கு ஒவ்வாமையாக மாறி, கை வெடித்துப் புண்ணாகும். நான் பார்த்தவரை கையுறை போட்டு வேலை செய்தவர் ஒருவர்கூட இல்லை. வேலை முடிந்ததும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வதோடு சரி. ஐம்பது வயதுக்கு மேல் சாரத்தில் ஏறுகிறவர்கள் குறைவு. அதற்குள் மேஸ்திரி ஆகாதவருக்கு வருமானம் இறங்கத் தொடங்கிவிடுகிறது. வெயிலும் வருஷத்துக்கு வருஷம் கூடிக்கொண்டே போகிறது. வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் அறிவித்தது. ஆனாலும் ஏப்ரல், மே மதியங்களில் மொட்டைமாடிப் பூச்சு நடந்துகொண்டுதான் இருக்கிறது.

கூலியைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் ஒரு நாள் கணக்கைத்தான் சொல்வார்கள். கொத்தனாருக்குப் பல ஊர்களில் நாளுக்கு ஆயிரத்தைத் தாண்டிவிட்டது, அலுவலக வேலைக்குப் போகிற இளைஞனைவிட அதிகம் என்பார்கள். நாளை வருஷமாகப் பெருக்கினால்தான் உண்மை தெரியும். ஆனி, புரட்டாசி, மார்கழி, பங்குனி மாதங்களில் மனை கோலுவதில்லை, வாஸ்து நாள் இல்லை என்பதால் புது வேலை தொடங்காது. ஐப்பசி, கார்த்திகையில் மழை. மணல் வராத நாள், கம்பி விலை ஏறி வீட்டுக்காரர் நிறுத்தி வைத்த நாள், வங்கிக் கடனின் அடுத்த தவணை வராத வாரம். இதெல்லாம் போக மிச்சம் இருப்பதுதான் வேலை நாள். வேலை இல்லாத வாரங்களுக்கு மேஸ்திரியிடம் முன்பணம் வாங்குவார்கள். அப்புறம் வேறு மேஸ்திரி அதிகம் தருகிறேன் என்று கூப்பிட்டாலும் போக முடியாது.

இங்கேதான் இந்தத் தொழிலின் அடிப்படைச் சிக்கல் இருக்கிறது. ஆலைத் தொழிலாளிக்கு ஒரு முதலாளி உண்டு, வருகைப் பதிவேடு உண்டு, வருங்கால வைப்பு நிதி உண்டு. கட்டடத் தொழிலாளிக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முதலாளி. வீடு முடிந்ததும் அந்த முதலாளி புதுமனை புகுவிழா நடத்தி உள்ளே போய்விடுவார். தொழிலாளி அடுத்த மனைக்குப் போய்விடுவார். முப்பது வருஷ உழைப்பில் அறுபது வீடு கட்டியிருந்தாலும் ஒரு இடத்திலும் அவர் பெயர் எழுதப்பட்டிருக்காது.

இதைச் சட்டத்தால் சரிசெய்யும் முயற்சியில் தமிழ்நாடு முன்னால் போன மாநிலம், அதற்குக் காரணம் இங்கே இருந்த கட்டடத் தொழிலாளர் சங்கங்கள். உடல் உழைப்புத் தொழிலாளர்களுக்கான சட்டம் 1982ல் வந்தது. அதன் கீழ் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994ல் அமைந்தது. முதலாளியைத் தேடிப் பிடிக்க முடியாவிட்டால், கட்டடத்தின் மேலேயே ஒரு சிறு தொகையை வரியாக வாங்கி, அதைப் பொதுநிதியாக்கி எல்லாத் தொழிலாளிக்கும் பயன்படுத்துவது என்பதுதான் யோசனை. மிக நல்ல யோசனை என்றே நினைக்கிறேன். இதையே நாடு முழுக்கக் கொண்டுவர வேண்டும் என்று நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தலைமையில் 1985 முதல் ஒரு தேசியப் பிரசாரக் குழு பாடுபட்டது. 1996ல் மத்தியச் சட்டங்கள் வந்தன. கட்டுமானச் செலவில் 1 சதவீதம் நலநிதிக்கு என்று ஆனது. 18 முதல் 60 வயது வரை உள்ளவர், முந்தைய 12 மாதத்தில் 90 நாள் வேலை செய்திருந்தால் பதிவு செய்துகொள்ளலாம். பிள்ளைகள் படிப்புக்கு, திருமணத்துக்கு, பிரசவத்துக்கு உதவி. விபத்தில் இறந்தால் குடும்பத்துக்குத் தொகை. 60க்கு மேல் ஓய்வூதியம்.

பணம் சேர்ந்தது. செலவாகவில்லை. அந்தத் தேசியப் பிரசாரக் குழு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 19 அன்று தீர்ப்பளித்தபோது, நாடு முழுவதும் வசூலானது 37,400 கோடி ரூபாய்க்கு மேல், தொழிலாளிக்குப் போனது சுமார் 9,500 கோடி மட்டுமே என்பது பதிவானது. மிச்சம் அப்படியே கிடந்தது. ஏன் என்றால், பெரும்பாலான இடங்களில் தொழிலாளி பதிவே செய்யப்படவில்லை. 90 நாள் வேலை செய்ததற்கு யார் கையெழுத்துப் போடுவது? வீட்டுக்காரர் எதற்கு வம்பு என்பார். மேஸ்திரிக்கு நேரம் இருக்காது. பதிவு காலாவதியானது தெரியாமல் இருந்துவிட்டு, விபத்து நடந்த பிறகு தேடுகிறவர்கள் எத்தனையோ பேர்.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. 1996 சட்டங்கள் அவற்றுக்குள் அடங்கிவிட்டன. இதில் ஒரு மாற்றம் எனக்குக் கவலை தருகிறது. சொந்தமாகக் குடியிருக்கக் கட்டுகிற வீட்டுக்கு அந்த 1 சதவீதத் தொகையிலிருந்து முன்பு 10 லட்சம் ரூபாய் செலவு வரை விலக்கு இருந்தது. அந்த வரம்பு இப்போது 50 லட்சம். விலைவாசி ஏறியிருக்கிறது, வரம்பை உயர்த்தத்தான் வேண்டும், சரி. ஆனால் நம் சிறு நகரங்களிலும் கிராமங்களிலும் எழும்பும் ஏராளமான வீடுகள் இந்தக் கோட்டுக்குக் கீழேதான் வரும், இந்த ஏணியில் இருக்கிறவர்கள் வேலை செய்வதும் பெரும்பாலும் அந்த வீடுகளில்தான்.

பெரிய கட்டடங்களின் கதை வேறு. சென்னை மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். மழைக்கு ஒதுங்கிக் கீழ்த்தளத்தில் நின்றவர்கள் அவர்களில் பலர். ஆந்திராவிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளிகள் நிறையப் பேர் அதில் இருந்தார்கள். இன்று தமிழ்நாட்டின் பெரிய வேலையிடங்களில் கேட்கிற மொழி பெரும்பாலும் இந்தியும் வங்காளமும் ஒடியாவும்தான். உள்ளூர்ப் பிள்ளைகள் இந்த வேலைக்கு வராததால் அவர்கள் வந்தார்கள் என்று சிலர் சொல்வார்கள், அவர்கள் குறைந்த கூலிக்கு வந்ததால் உள்ளூர்ப் பிள்ளைகள் விலகினார்கள் என்று சிலர். இரண்டுமே கொஞ்சம் உண்மை. பெண் கொடுக்கும்போது "கட்டட வேலை" என்றால் தயங்குவதும் ஒரு காரணம். கூலியைவிட அது பெரிய காரணம் என்றுகூட எனக்குத் தோன்றும்.

நம் ஆட்களும் போகிறார்கள், சிங்கப்பூருக்கு. அங்கே கட்டுமான வேலைக்குப் போக வேண்டுமானால் அந்நாட்டு ஆணையத்தின் திறன் தேர்வில் தேற வேண்டும். கம்பி கட்டுவது, பலகை அடிப்பது, டைல்ஸ் ஒட்டுவது என்று ஒவ்வொரு கைவேலைக்கும் தனித் தேர்வு. வரைபடத்தைப் பார்த்துக் குறித்த நேரத்துக்குள் செய்து காட்ட வேண்டும். அங்கே போன பிறகும் அடிப்படைத் திறன், மேல்நிலைத் திறன் என்று இரண்டு படி. அடிப்படைத் திறன் உள்ளவருக்கு முதலாளி அரசுக்கு மாதம் 900 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) லெவி என்கிற வரி கட்ட வேண்டும், மேல்நிலைத் திறன் உள்ளவருக்கு 500 வெள்ளி. அதாவது ஆள் திறமை கூடினால் முதலாளிக்கு மாதம் 400 வெள்ளி மிச்சம், அதனால் அவரே அந்த ஆளைத் தேர்வுக்கு அனுப்புவார். அந்த நாட்டில் தமிழ்த் தொழிலாளி படுகிற பாடு தெரியாமல் நான் பேசவில்லை. ஏஜென்டுக்குக் கட்டிய கடனை அடைக்கவே பலருக்கு முதல் வருஷம் போய்விடுகிறது. நான் சொல்ல வருவது அந்த ஒரு ஏற்பாட்டை மட்டும். ஒருவர் கைக்கு என்ன தெரியும் என்று காகிதத்தில் எழுதி, அந்தக் காகிதத்துக்குப் பண மதிப்பும் வைத்திருக்கிறார்கள். இங்கே இருபது வருஷக் கொத்தனார் புது ஊருக்குப் போனால் முதல் நாளிலிருந்து மறுபடி மூலை எடுத்துக் காட்டித்தான் நிரூபிக்க வேண்டும்.

பெண்களுக்கு நிரூபிக்கிற அந்த முதல் நாளே வருவதில்லை. சித்தாள் என்ற சொல்லே தமிழ்நாட்டில் பெண்ணைக் குறிப்பதாக ஆகிவிட்டது. ஆண் சித்தாளாகவோ பெரியாளாகவோ நுழைந்து மேலே போகிறான். பெண் சித்தாளாக நுழைந்து, முட்டி தேய்ந்து, சித்தாளாகவே நிற்கிறாள். சம வேலைக்குச் சம ஊதியம் என்ற சட்டம் 1976லேயே வந்தது. கொத்தனாருக்கு ஒரு கூலி, சித்தாளுக்கு அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே என்று இருக்கும்போது இப்போது புதிய சட்டத் தொகுப்புக்குள் போய்விட்ட அந்த விதி எதையும் தொடாது, ஏனென்றால் இரண்டும் வேறு வேலை. பெண் கரண்டி பிடித்தால்தானே சமம் பற்றிய கேள்வியே வரும். டீ இடைவேளையில் "ரெண்டு வரிசை வச்சிட்டு இரு" என்று அவளிடம் யாரும் சொல்வதில்லை. அந்த நேரத்தில் அவள் எல்லாருக்கும் டீ வாங்கப் போயிருப்பாள், அல்லது மரத்தில் கட்டிய தூளியில் பிள்ளை அழும்.

உடல் வலு போதாது என்று சொல்வது நிற்காது. ஒரு செங்கல் ஏறக்குறைய 3 கிலோ. பத்துக் கல்லைச் சும்மாட்டின் மேல் அடுக்கிச் சாரத்தில் ஏறுகிறவருக்கு, ஒரு கல்லை எடுத்துச் சுவரில் வைக்க வலு இல்லை என்று எப்படிச் சொல்வது? ஜார்க்கண்டில் கழிவறை கட்டும் இயக்கத்தின்போது கொத்தனார்கள் போதாமல் கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கில் பெண்கள் கொத்து வேலை கற்றார்கள், ராணி மிஸ்திரி என்று அவர்களுக்குப் பெயரே வந்தது. கேரளத்திலும் பெண்கள் குழுவாகச் சேர்ந்து வீடு கட்டுகிறார்கள்.

எங்கள் வீட்டு வேலையில் ஒரு அக்கா இருந்தார். பதினெட்டு வயதில் சித்தாளாக வந்தவர், அப்போது நாற்பதைத் தாண்டியிருந்தார். கலவையில் கொத்தனார் தண்ணீர் கூடக் கேட்டால், "போதும்ணே, இறங்கிடும்" என்பார். அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும். பின்பக்கக் காம்பவுண்டு சுவர் வந்தபோது, அதை அக்கா கட்டட்டும் என்று மேஸ்திரியிடம் கேட்டேன். சிரித்தார், அப்புறம் நான் விடாமல் கேட்கவே ஒத்துக்கொண்டார். 28 அடி நீளம். மூலையை ஒரு பையன் எடுத்துக் கொடுக்க வந்தான், அவர் வேண்டாம் என்றுவிட்டார். முதல் நாள் மெதுவாகத்தான் போனது. நாலு முறை தூக்குக்குண்டை விட்டுப் பார்த்தார். மூன்றாம் நாள் மதியத்துக்குள் முடிந்துவிட்டது. கொத்தனார் வந்து ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார்.

அந்தச் சனிக்கிழமை சம்பளத்தில் அவருக்கு அந்த மூன்று நாளும் சித்தாள் கூலிதான் போட்டிருந்தது. நான் கேட்டதற்கு மேஸ்திரி, "கொத்தனார் கூலி போட்டா நாளைக்கு மத்தவங்களும் கரண்டி கேப்பாங்க சார்" என்றார். வித்தியாசத்தை நான் கொடுத்தேன். நோட்டில் மட்டும் சித்தாள் என்றே இருந்தது, அதை மாற்ற அவர் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் அக்கா வேறு வேலைக்குப் போய்விட்டார், சித்தாளாக. அந்தச் சுவருக்கு இப்போது ஆறு வருஷம் ஆகிறது. ஒரு விரிசல் இல்லை.